கூம்பு பொருத்து படலம்

அடுக்குமாடிகளின் உச்சிக்கும் அடித்தளத்துக்கும் நடுவே அந்தரத்தில் நின்றுபோன பெட்டிகளை அசைத்து, உள்ளே வியர்த்து நின்ற எண்ணற்றோரை நிலம் சேர்த்த திருக்கரத்தாளே, எண்ணெய்க் கறை மாறாத நீலச்சட்டையாளே, ஆறு கம்பிகளின் அரசியே, லிஃப்ட் மெக்கானிக்கே, வாழி நீ. உன் திருப்புளியும் வாழி. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி தொடங்கிச் சாப்பாட்டு மேசை என்னும் செருக்களத்தில் நீ ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். சொற்கள் எம்மைக் கைவிடாதிருக்க.

போரின் காரணம் கேளீர். அவளிடம் ஒரு ரெசனேட்டர் கிட்டார் இருந்தது. ஏனைய கிட்டார்கள் மரவயிற்றால் பாட, இதுவோ வயிற்றுக்குள் கவிழ்த்துவைத்த அலுமினியக் கூம்பால் முழங்குவது. தகட்டினும் மெல்லிய அக்கூம்பின் உச்சியில் பிஸ்கட் எனப்படும் சிறு மரவட்டு. வட்டின்மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரை. யானையில்லை, தேரில்லை, காலாளில்லை. இருந்தது அந்த ஒரு குதிரைதான். ஆயினும் அது முழங்கினால் மூன்றாம் வீட்டு ஜன்னல் அதிரும்.

அந்தக் கூம்பை வீழ்த்தியவன் பகைவன் அல்லன், அவள் கணவன். ரொட்டிக்கடை நடத்தும் அவ்வன்கரத்தான், தளர்வு என்ற ஒன்றை மண்ணுலகில் எங்கும் பொறாதவன். அவன் அடைத்த குழாய் சொட்டியதில்லை; பிறர் கைக்குத் திறந்ததும் இல்லை. கம்பிகள் சற்றே தொய்ந்திருக்கக் கண்டு, நல்லெண்ணம் நெஞ்சில் பொங்க, ஆறையும் அவன் முறுக்கினான். கூம்பு டொக்கென்று உள்வாங்கி உயிர்நீத்தது.

"லூசா இருந்துச்சு. லேசாத்தான் டைட் பண்ணேன்," என்றான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்பார்வையின் அனலில் நாற்பது ரொட்டி சுட்டெடுத்திருக்கலாம்.

ஏனெனில், அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவளுடைய அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். கடுங்காய்ச்சல் அவர் உயிரை விட்டுவிட்டுச் செவியைக் கொண்டுபோயிருந்தது. பத்து நாளாக வீட்டார் அவரோடு காகிதத்தில் எழுதியே பேசினார்கள். பலத்த ஓசை ஒருவேளை எட்டலாம் என்றார் டாக்டர். "வந்ததும் உன் தகர கிட்டாரை எடுத்து ஒரு பாட்டு வாசிம்மா," என்று சொல்லியிருந்தார் அப்பா. "அதுவும் கேக்கலைன்னா விட்டுரலாம்."

புதுக்கூம்பு கூரியரில் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள். மூடுதகட்டின் ஒன்பது திருகாணிகளும் சிறைப்பட்ட சிற்றரசர்போல் தேநீர்ச் சாசரில் அடைபட்டன. குழிந்த பழங்கூம்பை எடுத்து, பிஸ்கட்டை விடுவித்து, புதியதன் உச்சியில் ஏற்றி, அதற்குரிய ஒற்றைத் திருகாணியை அடியிலிருந்து முடுக்கினாள். பச்சைக்குழந்தையைத் தொட்டிலில் இடுவாள்போல் மூச்சடக்கிக் கூம்பைக் குழியில் இறக்கினாள். அது இறங்கவில்லை. ஒருபக்கம் படிந்தால் மறுபக்கம் கிளர்ந்தது. அப்பக்கம் பணிந்தால் இப்பக்கம் நிமிர்ந்தது. அழுத்தினால் நசுங்கும், விட்டால் ஆடும். கோட்டைச்சுவரில் பதுங்கிய ஒற்றன்போல், குழியின் ஓரத்தில் என்றோ காய்ந்த வார்னிஷ் சொட்டு ஒன்று ஒளிந்திருப்பதை அவள் விரல்நுனி கண்டறிய முக்கால் மணி ஆனது. பிளேடால் அதன் தலை கொய்தாள். கூம்பு அமர்ந்தது.

மேலே தகட்டை மூடித் திருகாணிகளை அளவாக முடுக்கினாள். நாலரைக்குக் கம்பிகள் ஏறின. மீட்டினாள். முழக்கத்தின் அடியில், போத்தலில் அகப்பட்ட குளவியின் உறுமல் ஒன்று கேட்டது. கீழிறங்கும் லிஃப்டின் கிறீச்சொலி கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்ததென்று உரைக்கும் அச்செவி, மூடுதகட்டின்மேல் சாய்ந்தது.

"இந்தத் தகட்டை யார் முடுக்கினது?"

"நீ கம்பி மாட்டிட்டு இருந்தியே, ஒத்தாசையா இருக்கட்டும்னு..."

இறுக்கத்தில் தகடு வளைந்து கூம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் திருப்புளியை அவன் கையில் கொடுத்தாள். "நீங்களே தளர்த்துங்க. ஒவ்வொண்ணும் அரைச் சுத்து."

ஐயகோ, மாவுமலைகளைப் பிசைந்து பணியவைத்த அத்தோள்கள் திருகாணியின்மேல் குனிந்தன. பிறந்த நாள்தொட்டு எதையும் தளர்த்தியறியாத மாவீரன், நெற்றி வியர்க்க, உதடு கடித்து, ஒன்பது முறை தன்னைத்தானே வென்றான். குளவி மாண்டது. வாசலில், அப்பாவை அழைத்துவந்த தம்பியின் கார் ஹாரன் ஒலித்தது.

அப்பா நாற்காலியில் அமர்ந்தார். அவள் எதிரே ஸ்டூலில் அமர்ந்து வாசித்தாள். வெள்ளி இடியென, அலுமினியக் கடலென, குதிரையின் குளம்படி கூம்பெங்கும் பரவி அறை நிறைந்து சுவர் கடந்து மூன்றாம் வீட்டு ஜன்னலையும் அதிரச்செய்து எழுந்த அந்நாதத்தின் நடுவே, தம்பி மருந்துப் பையைக் கீழே வைக்கவும் மறந்து நிற்க, ரொட்டிக்கடைக்காரன் சுவரோடு சுவராய் ஒட்டி நிற்க, அப்பா கண்ணை மூடித் தலைகவிழ்ந்து அசையாதிருந்தார். பாட்டு முடிந்தது. யாரும் காகிதத்தைத் தேடவில்லை. அவர் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"மூணாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கும்மா," என்றார்.

அவள் அதைச் சரிசெய்தாள்.