மேனுவல் பாயும் ஒன்பது ஃபியூஸும்

பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலும் சேர்த்து, சாமானோடு வரும் 'மேனுவல்' என்ற கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரை படித்த ஒரே மனிதர் மேனுவல் பாய்தான். அதனால் அவருக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டு வருடத் தலைவலி.

நான் எதிர்க்கரை மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வரைபடம் போடுகிறவன். தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் மின்சாரப் பேனல்களைச் செய்கிறோம். ஆள் உயர இரும்புப் பெட்டி. உள்ளே வயர், சுவிட்ச், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டிரைவ்'கள். காலையில் தீவிலுள்ள கெலுகோரிலிருந்து கிளம்பி, பாலத்து டிராஃபிக் ஜேமில் பாதி உயிரை விட்டுவிட்டு, மீதியோடு ஸ்டோர் ஜன்னலில் போய் நிற்பேன். ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டோர் கீப்பர் பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"பாய், நாப்பது ஆம்ப் பிரேக்கர் ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"டிரைவுக்கு."

"எத்தனாவது பக்கம்?"

அதாவது, அந்த டிரைவின் கையேட்டில் எந்தப் பக்கம், மின்சாரம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் இந்தப் பிரேக்கரைப் போடச் சொல்கிறது என்று கேட்கிறார். பக்க எண் சொல்லாவிட்டால் சாமான் வெளியே வராது. "இருவது வருஷ அனுபவம் பாய்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அனுபவம் எத்தனாவது பக்கத்துல இருக்கு?" என்றார். திரும்பி வந்து கையேட்டைத் தேடினேன், வேறென்ன செய்ய.

அவர் வீட்டிலும் இதே கதைதான். புது மின்விசிறி வாங்கியவர், கையேட்டைப் படித்து முடிக்காமல் சுவிட்சைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மலாயில் படித்தார், ஆங்கிலத்தில் படித்தார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மறுபடியும் படித்தார். மூன்றாம் நாள் புழுக்கம் தாங்காமல் அவர் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "ரெண்டுலயும் ஒரு வரி வித்தியாசமா இருக்குலா, நான் என்னா செய்ய?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார். எனக்கு இருந்த அலுப்பில் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஒருமுறை நாசி கண்டார் சோற்றுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐஸ் அரைக்கும் மெஷினைப் போட்டதும் கடையே இருட்டானது. கடைக்காரர் சளைக்காமல், "நாளைக்குப் பெரிய பிரேக்கரா மாத்திடுறேன் பாய், அப்புறம் ட்ரிப்பே ஆகாது" என்றார். அவ்வளவுதான். பாய் குழம்புக் கையோடு எழுந்துவிட்டார்.

"பிரேக்கர் பெருசானா வயரும் பெருசாயிடுமா? நாய் குரைக்குதுன்னு நாயத் தொரத்திட்டு, கதவத் தொறந்து வச்சுட்டுத் தூங்குவியாலா நீ?"

இருபது நிமிடம் பேசினார். கையில் குழம்பு காய்ந்தது, என் தே தாரிக் டீ ஆறியது. அதற்குப் பிறகு நாங்கள் கடைக்குள் நுழைந்தாலே அந்த மனிதர் சுவிட்ச் போர்டின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் மாட்டினேன், அந்த ஐஸ் ஃபேக்டரி வேலையில். ஜார்ஜ்டவுனில் இருந்த ஒரு ஐஸ் கட்டித் தொழிற்சாலைக்கு வியாழக்கிழமை பேனல் போயாக வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு வேலையைத் தாமதமாக்கியிருந்தேன். எங்கள் முதலாளி என்னைவிடச் சின்னவர், மரியாதையானவர். "இன்னொரு தடவ லேட் ஆச்சுன்னா, அண்ணே, நீங்க வீட்டுலயே ரெஸ்ட் எடுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பேனலில் மூன்று டிரைவ். பெட்டியோ சின்னது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாதுகாப்பு வைக்க இடம் பார்த்து மறுபடி வரைய எனக்குத் தெம்பில்லை. மூன்றுக்கும் பொதுவாக ஒரே பெரிய பிரேக்கர் என்று வரைந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பாய் வரைபடத்தைப் பார்த்தார்.

"ஐஸ் ஒடைக்கிறது பெரிய மோட்டாரு. தண்ணி பம்பு குட்டி மோட்டாரு. குட்டி டிரைவுல ஷார்ட் ஆனா, ஒம் பெரிய பிரேக்கர் கண்ணு முழிக்கிறதுக்குள்ள அது வெடிச்சிடும் தம்பி. பிரேக்கர் வயரக் காப்பாத்தும், டிரைவ யாரு காப்பாத்துவா? புக்குல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா, சட்டுனு எரியுற ஃபியூஸ் போட்டிருக்கான். முப்பத்தொண்ணாவது பக்கம்."

"பாய், எனக்கு இடமும் இல்ல, நேரமும் இல்ல."

"அது எத்தனாவது பக்கம்?"

வந்த எரிச்சலில் நேரே ஜார்ஜ்டவுனுக்குப் போய், என் கைக்காசைப் போட்டு, ஒரு மின்சாமான் கடையில் பிரேக்கரை வாங்கி வந்து மாட்டிவிட்டேன். போகட்டும், ஒருநாளாவது அந்த ஜன்னலில் நிற்காமல் வேலை நடந்ததே என்று ஒரு அற்ப சந்தோஷம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பேனலுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது, பாதுகாப்புச் சாமானைத் தேர்ந்தெடுத்தவன்தான் சுவிட்சைப் போட வேண்டும். மற்ற எல்லாரும் தரையில் அடித்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஆனால் முதலாளிகூட அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார்.

புதன்கிழமை காலை நான் பேனல் முன்னால் நின்றேன். கை சுவிட்ச் பிடியில். பின்னால் எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒன்றும் ஆகாது, பத்துக்கு ஒன்பது முறை ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது பக்கத்தில் செருப்புச் சத்தம். ஸ்டோரை விட்டுச் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் தவிர வெளியே வராத பாய், கோட்டைத் தாண்டி வந்து என் இடது தோளை ஒட்டி நின்றார்.

"பாய், என்னா இது? பின்னால போங்க."

"நீ போடு."

"இது நான் எடுத்த சாமான். நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

"அதான் தம்பி. என் ஸ்டோர்லேருந்து போன சாமானா இருந்தா, பக்கம் தெரியும், நான் அங்கேயே உக்காந்திருப்பேன். இது என்னான்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணுகிட்ட ஒன்னத் தனியா எப்படி விடுறது?"

கோபமில்லை, கிண்டலில்லை. மழை வருமா என்று பார்க்கிறவர் மாதிரி பேனலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. என் உயிரை அலட்சியப்படுத்த எனக்கு உரிமை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடிக்காரர் உயிரை எப்படிப் பணயம் வைப்பேன்?

"பாய், ஃபியூஸ் வேணும். முப்பத்தொண்ணாவது பக்கம்."

சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். மூன்று டிரைவ், ஒவ்வொன்றுக்கும் மூன்று வயர், ஆக ஒன்பது ஃபியூஸ். மூன்று கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் எந்த டிரைவுக்கு என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமையே எடுத்துவைத்துவிட்டாராம், படுபாவி மனுஷன்.

வயர் போகும் பாதையை ஒதுக்கி, இடம் பண்ணி, எல்லாவற்றையும் மாட்டி முடிக்க ஒருநாள் கூடுதலானது. வெள்ளிக்கிழமைதான் பேனல் போனது. முதலாளி சிரித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நிற்பதற்குள் பாய் ஜன்னலிலிருந்து கத்தினார்: "பாஸ், ஃபியூஸ நான்தான் லேட்டா குடுத்தேன். அவர் மேல தப்பில்ல." முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் கேட்டேன், "பொய் சொல்லலாம்னு எத்தனாவது பக்கத்துல இருக்கு பாய்?"

"அது அட்டையிலயே இருக்குலா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

போன வருடம் ஓய்வு பெற்று, கூலிம் ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஸ்டோரில் கம்ப்யூட்டர். கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிறது, ஒரு கேள்வி கிடையாது. நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சுவிட்ச் போடும் நாளில் பாய்க்குப் போன் அடிக்கிறேன்.

"எத்தனாவது பக்கம்?" என்பார். சொல்வேன். "சரி, போடு" என்பார். போட்டு, விளக்கெல்லாம் எரிந்து, மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும்வரை அவர் போனை வைப்பதில்லை. நானும் வைக்கச் சொல்வதில்லை.