பதினான்கு ஆசிரியைகள் குடியிருக்கும் குப்பம்

இந்தியாவில் வீட்டு வாடகைச் சந்தை மிக வேகமாக வளர்ந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், பம்பாய் என்றோ பெங்களூர் என்றோ உளறிவைத்து அசடு வழியாதீர்கள். பழவேற்காடு ஏரியோரம், கோட்டைக்குப்பத்துக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டுக்குப்பம்தான் அது. ஒன்பதே மாதத்தில் அங்கே வாடகை மூன்று மடங்கு ஏறியது. ஆதாரம் இருக்கிறது. வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு, நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு இருக்கிறது.

இந்த மகத்தான வளர்ச்சியைத் தன் ஒற்றைத் தோளில் தாங்கியவர் மாலதி டீச்சர். ஊரின் தொடக்கப் பள்ளியில் அவர் ஒருவர்தான் ஆசிரியை. சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். அவருக்கு முன்பிருந்தவர்கள் பொன்னேரியில் தங்கி, பஸ் வந்த நாளில் மட்டும் பாடம் நடத்தினார்கள். இவரோ வந்த அன்றே, "நான் ஊர்லயே தங்கிக்கிறேன், ஒரு ரூம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார். அதுவரை அந்த ஊரில் யாரும் யாருக்கும் வாடகைக்கு விட்டதே கிடையாது.

ஓர் அறையை ஒதுக்கிக் கொடுக்க வசதியுள்ள வீடுகள் பதினான்கு. பதினான்கு பேரும் "டீச்சர் எங்க வூட்டுக்குத்தான்" என்று நின்றார்கள். வாடகை கிடக்கட்டும், டீச்சர் வீட்டில் இருந்தால் சாயங்காலம் பிள்ளைகள் தானாகப் படிக்கும், மனு எழுதிக் கொடுப்பார், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வார். இரண்டு நாள் வாய்ச்சண்டை நடந்தது. மூன்றாம் நாள் ஊர்க்கூட்டத்தில் தலைவர் சிங்காரம் தீர்ப்புச் சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்கு அட்சிகினு சாவறீங்க? ஏரியில எப்டி பண்றோம்? பாடுதானே? அதே மாதிரி போட்டுடலாம்."

ஏரியில் நல்ல மீன் ஏறும் இடங்களில் எந்த நாள் யார் வலை போடுவது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் முறைக்குப் பெயர் பாடு. அவரவர் பாடு வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்தவர் பாட்டு நாளில் வலையை நனைத்தவன் அபராதம் கட்டாமல் தப்ப முடியாது. அந்த நியாயத்தின்படி டீச்சரும் பங்கிடப்பட்டார். மாதத்துக்கு ஒரு வீடு. ஜூன் மாதம் ஜமுனா வீட்டில் தொடங்கி, அடுத்த வருஷம் ஜூலையில் முடியும் வரிசை. அந்தக் கடைசி ஜூலை கஸ்தூரியம்மாளுக்கு விழுந்தது.

"பதினாலாவதா!" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பிள்ளைகளுக்காக டீச்சரைக் கேட்டார்கள். கஸ்தூரியம்மாள் கேட்டது தனக்காக. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு எழுத்துப் படிக்க ஆசை வந்திருந்தது. காரணம் ஒரு பஸ். பொன்னேரி மார்க்கெட்டுக்கு என்று இறால் கூடையோடு ஏறியவள், ஆந்திர எல்லையிலுள்ள எளாவூர் சோதனைச் சாவடியில் போய் இறங்கினாள். அன்றைய இறால் முழுக்க வீணாகிவிட்டது. "போர்டுல இம்மாம் பெருசா எழுதிக்குது, படிக்கத் தெரியாதா?" என்று கண்டக்டர் சிரித்தானே, அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

"எனக்கு எழுத்து கத்துக் குடுப்பியா டீச்சர்?" என்று ஒருநாள் கூச்சத்தோடு கேட்டாள்.

"தாராளமா. இன்னிக்குச் சாயங்காலமே வாங்கம்மா."

"ஐயய்யோ! இது ஜமுனா வூட்டுப் பாடு. இப்ப நான் வந்து குந்திகினா, அடுத்தவ பாட்டு நாள்ல வலை போட்டா மாதிரி ஆயிடும். என் பாடு வரட்டும்."

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கஸ்தூரியம்மாள் அசைந்து கொடுக்கவில்லை. கள்ளத்தனமாக எழுத்துக் கற்றவள் என்ற பழி அவளுக்கு வேண்டாம்.

இப்படியாக ஒவ்வொரு மாதமும் முதல் தேதி டீச்சரின் பீரோ, கட்டில், கேஸ் சிலிண்டர் எல்லாம் நாலு பேர் தோளில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போயின. ஒரே வீட்டில் இருக்க விடுங்கள் என்று டீச்சர் கெஞ்சியபோது, "ஒரு வூட்டுக்கு மட்டும் ஒசத்தியா பண்ணா ஊரு தாங்காது டீச்சர்" என்று சிங்காரம் கைகூப்பிவிட்டார். மே மாத வீட்டுக்காரர்தான் பாவம். டீச்சர் லீவில் ஊருக்குப் போய்விட்டார். "சில பாட்ல மீன் ஏறும், சில பாட்ல ஏறாது" என்று ஊர் அவரைத் தேற்றியது.

இதற்குள் பெருநகரம் வளர்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் நகர எல்லையை வரைபடத்தில் இழுத்துக்கொண்டே போக, கோடு ஏரிக்குள் வந்து நின்றது. கோடு வந்தால் ஆய்வு வர வேண்டாமா? மே மாதம் வருவதற்கு முன்பே, பிப்ரவரியில், 'நகர விரிவாக்கப் பகுதிகளில் குடியிருப்பு வாடகைச் சந்தையின் போக்கு' என்ற அரும்பெரும் பணிக்காக, ஆய்வு நிறுவனத்தின் ஜெகதீஸ்வரன் கையில் டேப்லெட்டோடு வந்து இறங்கினார். வீடு வீடாகப் போனார். கஸ்தூரியம்மாள் வீட்டுக்கும் வந்தார்.

"உங்க வீட்ல வாடகைக்கு யாராவது இருக்காங்களாம்மா?"

"கீறாங்க தம்பி. டீச்சரு."

"கூப்பிடுங்க, ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

"இப்ப சிங்காரண்ணன் வூட்ல கீறாங்க. இங்க ஜூலைல வருவாங்க."

"ஓ, அட்வான்ஸ் புக்கிங்!" அவர் முகம் மலர்ந்தது. "எத்தனை மாசம் இருப்பாங்க?"

"ஒரு மாசம். அப்பால காலி பண்ணிடுவாங்க."

"ஏன்?"

"பாடு முட்ஞ்சிடுதே."

'கடும் போட்டி' என்று அவர் குறித்துக்கொண்டார். அவர் கணக்கில் ஏதோ கோணல் என்று கஸ்தூரியம்மாளுக்குத் தோன்றிவிட்டது. "தம்பி, எல்லாம் அதே டீச்சருதான்" என்றாள். "எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று சிரித்தபடி அவர் எழுந்துகொண்டார். தெருவில் எதிர்ப்பட்ட மாலதி டீச்சரே, "சார், அந்தப் பதினாலு பேரும் நான்தான்" என்று சொல்லிப் பார்த்தார். ஜெகதீஸ்வரன் படிவத்தை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, "சாரி மேடம், அதுக்கு இதுல கட்டம் இல்ல" என்றார். நேர்மையான மனிதர். இல்லாத கட்டத்தில் எதையும் எழுதமாட்டார்.

ஏப்ரலில் அறிக்கை வந்தது. 'மணல்மேட்டுக்குப்பம்: ஏரிக்கரையின் எழுச்சி' என்று அதில் தனி அத்தியாயம். வாடகைதாரர்கள் பதினான்கு பேர். நூறு சதவீதம் பெண்கள், நூறு சதவீதம் பட்டதாரிகள், நூறு சதவீதம் அரசுப் பள்ளி ஆசிரியைகள். மாதம் ஒருமுறை வீடு மாறுமளவுக்குத் 'துடிப்பான சந்தை'. எனவே மூவாயிரமாக இருக்கும் வாடகை ஒன்பதாயிரத்தைத் தாங்கும். இவ்வளவையும் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டியவர் மாலதி டீச்சர். வேறு யாருக்குப் படிக்கத் தெரியும்?

"ஒம்போதாயிரமா! நாம இத்தினி நாளா ஏமாந்துகினு கீறோமா?" என்றார் சிங்காரம்.

"தலைவரே, நான் எங்க போவேன் ஒம்போதாயிரத்துக்கு?"

"உனுக்கு இல்ல டீச்சர். நீ நம்ப வூட்டுப் பொண்ணு, உனுக்கு பழைய வாடகைதான். மத்த பதிமூணு டீச்சரு வந்தா ஒம்போதாயிரம்."

"எந்தப் பதிமூணு டீச்சர்?"

"புக்குல போட்டுக்குதே. வராமயா பூடுவாங்க?"

பதினான்கு வீட்டு வாசலிலும் 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை ஏறியது. பதினான்கையும் எழுதிக் கொடுத்தவரும் டீச்சர்தான்.

அறிக்கையின் நகல் 'பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்' எல்லாத் துறைகளுக்கும் போயிற்று. மற்ற துறைகள் பார்வையோடு நிறுத்திக்கொண்டன. கல்வி அலுவலகம் நடவடிக்கையும் எடுத்தது. பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். ஊரிலேயே குடியிருக்கும் ஆசிரியைகள் பதினான்கு பேர். இதற்குமேல் சம்பளம் கொடுத்துத் தனியாக ஒருவரை அங்கே வைத்திருப்பது வீண் செலவல்லவா? ஜூன் மாதக் கடைசியில், ஞானதாஸ் வீட்டுப் பாடு நடந்துகொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. மாலதி டீச்சர் 'உபரி'. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இன்னொரு பள்ளிக்கு அவர் உடனே போய்ச் சேர வேண்டும்.

கஸ்தூரியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. அவள் பாட்டுக்கு இன்னும் மூன்றே நாள். அறைக்கு வெள்ளையடித்து, சிலேட்டும் பலப்பமும் வாங்கி வைத்திருந்தாள். மார்க்கெட்டுக்குப் போகாமல் டீச்சரோடு கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"எங்க ரெக்கார்டுப்படி அங்க பதினாலு ஆசிரியைகள் குடியிருக்காங்க" என்றார் அதிகாரி.

"ஐயா, அந்தப் பதினாலும் இந்தம்மா ஒருத்திதான்யா!" என்று கஸ்தூரியம்மாள் கத்தினாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீச்சரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே ஆள், பதினாலு விலாசமா? அப்படின்னா பதினாலு வீட்டு வாடகைப்படி எடுத்தீங்களா? இதை விசாரிக்கணுமே. சஸ்பெண்ட் பண்ணிட்டுத்தான் விசாரிக்கவே முடியும்."

டீச்சர் சட்டென்று கஸ்தூரியம்மாளின் கையைப் பிடித்து அழுத்தினார். பதினான்கு பேரில் ஒருவர் என்றால் மாறுதல். பதினான்கு பேரும் ஒருவரே என்றால் மோசடி. மாறுதல் உத்தரவில் 'பதினான்கு ஆசிரியைகளுள் ஒருவர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் மாலதி டீச்சர் கையெழுத்துப் போட்டார். தான் வாயைத் திறந்ததால் டீச்சரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தோமே என்று கஸ்தூரியம்மாள் பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தாள்.

மறுநாள் பீரோ வேனில் ஏறியது. "வேன் கிளம்ப அரை மணி நேரம் இருக்கு. உக்காருங்கம்மா, உங்க பேரையாவது எழுதக் கத்துக்குங்க" என்றார் டீச்சர். கஸ்தூரியம்மாள் சிலேட்டைப் பார்த்தாள். ஞானதாஸ் வீட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு நாளு கீது டீச்சர், என் பாட்டுக்கு" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த விவகாரத்தில் கடைசிவரை விதியை மீறாதவள் அவள் ஒருத்திதான். அவளைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

அடுத்த பிப்ரவரியில் ஜெகதீஸ்வரன் மறுபடியும் வந்தார். முதல் அறிக்கைக்கு விருது வாங்கியிருந்ததால் கொஞ்சம் சதை போட்டிருந்தார். பள்ளிக்கூடக் கதவில் பூட்டுத் தொங்கியது. கொஞ்சம் வளர்ந்த பையன்கள் ஏரிக்குப் போனார்கள், சின்னதுகள் தெருவில் கிடந்தன. அவர் மகிழ்ச்சியோடு எண்ணிக்கொண்டார்.

"போன வருஷம் ஒரு வீடுகூடக் காலியில்ல. இப்ப பதினாலு காலி வீடு, ஒரு காலிக் கட்டடம். பதினைஞ்சு! சப்ளை நல்லா ஏறியிருக்கும்மா. ஊர் எங்கயோ போயிடுச்சு."

கஸ்தூரியம்மாள் நண்டுக் கூடையை இறக்கி வைத்தாள். இந்த முறை தவறு வரக்கூடாது என்று நிறுவனம் புது ஏற்பாடு செய்திருந்தது. அவர் ஒரு தாளை நீட்டினார்.

"எழுதியிருக்கிறதெல்லாம் சரியான்னு நீங்களே படிச்சுப் பாத்துட்டு, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அதை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. தெருவுல கீதே இந்தப் பசங்க, இதுங்களுக்கும் இனிமே தெரியாது. உன் புக்குல பதினாலு டீச்சரு கீறாங்க இல்ல? அதுல ஒருத்தர இட்டுகினு வா. கத்துகினு கையெழுத்து போடறேன்."