களத்தில் பழகிய கால்

ஆள் இல்லாத இடத்தில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது. இதை இப்போதும் அடித்துச் சொல்வேன். எதிரில் ஆள் வந்துவிட்டால்தான் சிக்கல்.

கல்லூரி இரண்டாம் வருடம் எனக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்தது. எதிரி முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு காற்றில் குத்திப் பழகச் சொன்னார் பயிற்சியாளர். கும்பகோணத்தில் நடக்கவிருந்த போட்டியில் முதல் சுற்றையாவது தாண்டினால் தொடரலாம், இல்லையென்றால் கையுறையைக் கழற்றிவிட்டுப் படிப்பைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் குதிக்கத் தோதான இடம் நெற்களம் மட்டும்தான். அதுவோ குறுவை அறுப்புச் சமயம். களம் முழுக்கக் காயப்போட்ட ஈர நெல். அம்மா யோசிக்கவே இல்லை.

"சும்மாதானே குதிக்கிற? நெல்லுல நடந்துக்கிட்டே குத்து. கிளறிவிட்ட மாதிரியும் ஆச்சு."

நெல் கிளறும்போது பாதத்தைத் தூக்கக் கூடாது. தேய்த்துக்கொண்டே ஓரம் வரை நேராகப் போய், திரும்பி, பக்கத்து வரிசையில் வர வேண்டும். மூன்று வாரம் அப்படியே குத்திப் பழகினேன். (காற்று பாவம், ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை.)

போட்டியைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மணி அடித்தது. எதிரில் ஓர் ஒல்லிப் பையன். என் கால் என்னைக் கேட்கவே இல்லை. சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு நேராகப் போனது. அவன் விலகினான். நான் பாட்டுக்குக் கயிறு வரை போய், அங்கே யாருமே இல்லாத இடத்தில் மூன்று குத்து விட்டு, திரும்பி, பக்கத்து வரிசையில் வந்தேன். அவனுக்கு என்னை எப்படி அடிப்பதென்று புரியவில்லை. எனக்கோ நான் எங்கே போகிறேன் என்றே புரியவில்லை.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"தம்பி, கீழ எதையாச்சும் தொலைச்சிட்டியா?"

இல்லை சார் என்றேன். ஆட்டம் தொடர்ந்தது. அதற்குள் ஒல்லிப் பையனுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது போலும். நான் திரும்பும் மூலையில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டான். ஒரே குத்து. அப்புறம் மண்டபத்து மின்விசிறிதான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா கையுறையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா மட்டும், நெல் நன்றாகக் காய்ந்ததை நினைத்துச் சந்தோஷப்படச் சொன்னாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இன்றும் ஏதாவது யோசனையில் நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் போதும், என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"என்னங்க, கீழ எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்:

"கூப்பிடாதம்மா அவன. இன்னும் பாதிக் களம் கெடக்கு."