யானைக்கு டவுசர் தைத்தது யார்?

தேனி மாவட்டத்தில் மழையைக்கூட நிற்கவைத்து “ஏன் பெய்தாய்?” என்று விளக்கம் கேட்கக்கூடிய ஒரே மனிதர் லாஜிக் அண்ணன்தான்.

பெற்றோர் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போனது. கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை தலைமேல் தாமரையை விரியவைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று பெரியகுளம் சாலையில் ஓர் உரக்கடை மாடியைப் பிடித்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு, டிவிக்குக் கார்ட்டூன் செய்யக் கிளம்பிவிட்டார். அங்கே கதை எழுதத்தான் நான் தேவதானப்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறினேன். மகள் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு யானைக்குட்டிக்கு வசனம் எழுதுவதில் அப்பாவுக்கு ஏக வருத்தம். “பொங்கலுக்குள்ள வேலை நிலைக்கலேன்னா பி.எட். சேந்துரு” என்று கெடு வைத்திருந்தார்.

முதல் கதையில், சிவப்பு டவுசர் போட்ட யானைக்குட்டி ஒரு காக்காவுடன் ஆற்றுக்குக் குளிக்கப் போகும். அவ்வளவுதான்.

“யானை பேசுது, சரி. காக்கா பாடுது, அதுவும் சரி. அந்த டவுசரத் தச்சது யாரு ஆத்தா?”

“கார்ட்டூன்தானேண்ணே…”

“கார்ட்டூனுன்னா? டவுசரு வானத்துல இருந்தா விழுந்துச்சு?”

தையல்காரத் தூக்கணாங்குருவி ஒன்றைச் சேர்த்தேன். அதற்கு அளவு நாடா ஏது என்றார். நாடாவுக்குப் பாம்பைச் சேர்த்தேன். பாம்பு ஏன் குருவியைத் தின்னவில்லை என்றார். பாம்பு விரதம் என்று எழுதினேன்.

“என்ன கிழமை?” என்றார்.

பதினோரு நிமிடக் கதையில் ஒன்பதாவது நிமிடம்வரை யானை டவுசரே போடவில்லை.

ஆற்று நீர் எந்தப் பக்கம் சுழலும் என்பதைப் பார்க்க எங்களை லோயர் கேம்ப் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போனார். கரையில் குனிந்து பார்த்தவர் வழுக்கி ஆற்றுக்குள் போனார். நாங்கள் அலறிக்கொண்டு கையை நீட்டினால், “என்னைய விடுங்கப்பா, சுழல நோட் பண்ணுங்க!” என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார்.

கடைசியில் சென்னையிலிருந்து சேனல் அதிகாரி வந்தார். அவர் தலையாட்டினால்தான் தொடர். இல்லையேல் கம்பெனிக்குப் பூட்டு, எனக்கு பி.எட். பாதிப் படத்தை அவர் செல்போனைப் பார்த்தபடியே பார்த்தார்.

“யானை ஓகே. அந்தக் குருவி, பாம்பெல்லாம் வேணாம். ரைட்டரையும் மாத்திருங்க.”

இந்தத் தொழிலில் டைரக்டர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் கூரையைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். லாஜிக் அண்ணன் எழுந்து நின்றார்.

“குருவி, பாம்பு ரெண்டும் நான் சொருகுனது சார். ரைட்டரு வேணாம் வேணாம்னுதான் சொன்னாக. மாத்தணும்னா என்னைய மாத்துங்க. அதான லாஜிக்கு?”

அந்த அதிகாரி உடனே ஒத்துக்கொண்டுவிட்டார்! சேனல்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சம்மதித்து நான் அதன்பிறகு பார்த்ததில்லை. சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் வந்து இறங்கினார். அவருக்கு யானைக்கு எத்தனை கால் என்பதிலேயே சந்தேகம். லாஜிக் அண்ணன் தன் சொந்தக் கம்பெனியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யானை பிளிறலுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் பகுதி ஒளிபரப்பான காலை, டிவியில் என் பெயர் வந்த இரண்டு வினாடியை லாஜிக் அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அதில் பாதிப் பெயரை அவருடைய விரல் மறைத்திருந்தது. மூன்று செல்போன் மாற்றிவிட்டேன். அந்தப் போட்டோவை மட்டும் ஒவ்வொன்றுக்கும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.