பூத்துவிட்ட பம்ப்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஓர் ஊரில் உட்கார்ந்து, கணினித் திரையில் வரும் பொத்தான்களின் மூலைகள் கூராக இருக்க வேண்டுமா வளைந்திருக்க வேண்டுமா என்று மனச்சாட்சியோடு விவாதித்த நிறுவனம் உலக வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அது திருகோணமலையில், உட்துறைமுக வீதியில், ஒரு மாடியில் இயங்கியது. அதன் நிர்வாக உத்தியோகத்தனாக நான் கடமையாற்றினேன் என்பதை இங்கே பெருமையுடன் பதிவுசெய்கிறேன்.

அது 2007ஆம் ஆண்டு. ஷெல் சத்தம் கேட்டால் எங்கள் யன்னல் கண்ணாடிகள் நடுங்கும். துறைமுகத்தில் கடற்படைப் படகுகள் ஓடித் திரியும். இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த சனத்துக்குத் தண்ணீரும் மலசலகூடமும் அமைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதுவரை அந்த வேலையை மிகவும் நாகரிகமற்ற முறையில் செய்துவந்தோம். யாராவது ஒருவர் விறாந்தையில் நின்று, "முகாமில பைப் உடைஞ்சு போச்சு" என்று சத்தம் போடுவார். யாராவது ஒருவர் எழுந்து போய்த் திருத்திவிட்டு வருவார். இதில் "முறைமை" எங்கே இருக்கிறது?

எங்கள் பணிப்பாளர் சோமசேகரம் கொழும்பில் ஒரு செயலமர்வுக்குப் போய்வந்த பிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது. போகும்போது வெறும் பையோடு போனவர், திரும்பும்போது "பயனர் அனுபவம்" என்ற சொல்லோடு வந்தார். இனிமேல் வேலை எல்லாம் இணையத்தில் நடக்கும் என்று அறிவித்தார். வேலையைப் பதிவது, பங்கிடுவது, முடிப்பது, மூன்றையும் ஒரு மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

தெரிவுக்கு இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஒன்றைக் கணினிப் பொறுப்பாளர் குணரத்தினம் தேடிப் பிடித்திருந்தார். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பெட்டி பெட்டியாக இருந்தது. மற்றதைப் பணிப்பாளரே கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதன் பெயர் "தாமரை". ஒவ்வொரு வேலையும் திரையில் ஒரு மொட்டாகத் தோன்றும். வேலை முடிந்ததும் அதன்மேல் அழுத்தினால் மொட்டு இதழ் இதழாக விரியும். பின்னணியில் வீணை மெல்லமாக ஒலிக்கும்.

இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கக் கூட்டம் கூட்டினோம்.

"சேர், என்ரது பார்க்க வடிவில்லைத்தான்," என்றார் குணரத்தினம். "ஆனா இன்டர்நெட் லைன் இழுபட்டாலும் வேலை செய்யும். ஆர் செய்யவேணும் எண்டு பேர் போடலாம். வேலையைக் கேட்ட ஆள் முடிஞ்சுது எண்டு சொல்லாமல் மூட ஏலாது."

பணிப்பாளர் திரையை இரக்கத்தோடு பார்த்தார். "சாம்பல் நிறம். சனம் ஏற்கெனவே எவ்வளவு கவலையில இருக்குது, குணம். அதுக்கு மேல நாங்கள் சாம்பலையும் காட்டுறதோ?"

"சனம் இதைப் பாக்கிறேல்லையே, சேர். நாங்கள்தானே பாக்கிறம்."

"நாங்களும் சனந்தானே."

இதற்குமேல் யார் வாதாட முடியும்? கூட்டக் குறிப்பில் இந்த வாக்கியத்தை நான் தடித்த எழுத்தில் போட்டேன்.

கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது. கேட்டவர் ஜெஸீமா. கிண்ணியாக்காரி; அந்தப் பக்கத்து முகாம்கள் அவருடைய பொறுப்பு. "சேர், ஆராவது பிழையா அமத்திட்டா, பூத்தத திரும்ப மொட்டாக்கலாமா?"

"பூத்த பூ திரும்ப மொட்டாகுமோ, ஜெஸீமா?" என்றார் பணிப்பாளர். "இயற்கைக்கு மாறான பொத்தான் ஒண்டும் இதில இல்லை."

எல்லோரும் கைதட்டினோம். "தாமரை" ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டது. வரவேற்பறையில் பெரிய திரை ஒன்று பொருத்தினோம். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் மின்சாரம் முதலில் அதற்குத்தான் போகும். மின்விசிறிகள் பொறுத்துக்கொண்டன.

சில வாரங்களில், கிண்ணியாவுக்கு அப்பால் இருந்த ஒரு முகாமில் தண்ணீர்ப் பம்பின் மோட்டர் எரிந்துபோனது. ஜெஸீமா முறைப்படி ஒரு மொட்டுப் போட்டார். அன்று பார்த்து மாகாண அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பணிப்பாளர் அவர்களைத் திரைக்கு முன்னால் கூட்டிவந்து, "இப்ப பாருங்கோ" என்று கண்ணில் பட்ட மொட்டு ஒன்றை அழுத்தினார். இதழ்கள் விரிந்தன. வீணை ஒலித்தது. ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஜெஸீமா பின்வரிசையிலிருந்து முன்னுக்கு வந்தார். "சேர், அது எங்கட முகாம் பம்ப். அது இன்னும் பழுதாத்தான் கிடக்கு."

"அப்பிடியோ. பரவாயில்லை, வேற ஒண்டு போட்டுவிடுங்கோ."

போட்டார். திரையில் பொன்னெழுத்தில் பதில் வந்தது: "இப்பணி ஏற்கெனவே மலர்ந்துவிட்டது. வாழ்த்துகள்." சொற்களை மாற்றிப் போட்டார். மறுபடியும் வாழ்த்து வந்தது. ஒரே நாளில் அத்தனை வாழ்த்துப் பெற்ற உத்தியோகத்தர் எங்கள் நிறுவனத்தில் வேறு யாரும் இல்லை.

பிறகு களஞ்சியத்துக்குப் போனார். களஞ்சியப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் நல்ல மனிதர். அவருக்குப் பின்னால் றாக்கைத் தட்டில் புது மோட்டர் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது.

"அந்தா இருக்கே, அண்ணன்."

"இருக்குது, பிள்ளை. நானும் காலமை வந்து பாக்கிறனான். ஆனா மொட்டு இல்லாமல் சாமான் வெளியில விட ஏலாது. பூத்த வேலைக்குச் சாமான் குடுத்தா நாளைக்கு என்னைத்தான் பிடிப்பினம்."

"பிள்ளைகள் குழித் தண்ணி குடிக்குதுகள்."

பாக்கியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையைச் சரிபார்த்தார். எழுந்து மோட்டரை எடுத்துத் தரவில்லை.

இரண்டொரு நாளில் முகாமிலிருந்து உம்மு குல்சும் என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தவர், முகாமில் பெண்கள் எல்லோருக்குமாகப் பேசுபவர். படகுப் பாதை என்னும் மிதவையில் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, வெறும் தண்ணீர்க் கான் ஒன்றோடு வந்திருந்தார். அந்தக் கானுக்குள் என்ன என்று வழிநெடுகக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்பதைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டியிருக்கிறார்.

பணிப்பாளர் அவரைக் கதிரையில் இருத்தி, திரையைக் காட்டினார். "பாருங்கோ உம்மா, உங்கட பம்ப் பூத்திட்டுது."

உம்மு குல்சும் நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இரிக்கி, சேர். எங்கட புள்ளைகளுக்கு வயித்தால போகுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனமும் இல்ல."

"இதை நாங்கள் அடுத்த கூட்டத்தில கட்டாயம் எடுப்பம்," என்றார் பணிப்பாளர். பிளேன்டீ வரவழைத்தார். உம்மு குல்சும் கோப்பையைக் கையில் வாங்கி, உள்ளே பார்த்தார்.

"இங்க தண்ணி நல்லா வருது போல," என்றார். பிறகு கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

ஜெஸீமா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுவாரோ என்று நினைத்தேன். அவர் தன் மேசைக்குப் போய், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணினியில் ஒரு புது மொட்டுப் போட்டார்: "பணிப்பாளரின் குளியலறைப் பம்ப். மோட்டர் மாற்ற வேண்டும். அவசரம்."

"தாமரை"யின் வேகத்தை அன்றுதான் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம். பணிப்பாளர் தன் அறையிலிருந்தே அங்கீகரித்தார். பாக்கியரத்தினம் மோட்டரை இறக்கிக் கொடுத்தார். பெட்டியின் தூசியையும் தன் சால்வையாலேயே துடைத்துவிட்டார். எந்தக் குளியலறை என்று கேட்கவில்லை. வாகனத்தில் மோட்டரும் மெக்கானிக்கும் ஜெஸீமாவும் உம்மு குல்சுமும் ஏறினார்கள். மாலைக்கு முன் முகாமில் தண்ணீர் வந்தது. மறுநாள் ஜெஸீமா வந்து மொட்டை அழுத்தினார். வீணை ஒலித்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் "தாமரை" தன் சாதனைகளைத் தானே கணக்கிட்டு உலகுக்கு அறிவிக்கும் ஆற்றல் கொண்டது. "மிக வேகமாக மலர்ந்த பணி" என்று அந்தப் பம்பைத் தெரிவுசெய்து, எங்களுக்கு உதவி வழங்கும் வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பிவிட்டது. அந்த அமைப்பின் பிரதிநிதி, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார். அந்தப் பம்பை நேரில் பார்க்க விரும்பினார்.

ஆகவே நாங்கள் எல்லோரும் ஊர்வலமாகப் பணிப்பாளரின் குளியலறைக்குப் போனோம். அங்கே ஒரு குழாயும் ஒரு வாளியும் ஒரு சவர்க்காரமும் இருந்தன. பிரதிநிதி வாளிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பணிப்பாளரும் எட்டிப் பார்த்தார். தன் குளியலறையில் பம்ப் இல்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார் போலும்.

"ஜெஸீமா," என்றார் மெதுவாக, "பம்ப் எங்க?"

ஜெஸீமா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வேலை போனால் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அவர் பிரதிநிதியைப் பார்த்து, ஆங்கிலத்தில், நடந்ததை அப்படியே சொன்னார்.

பிரதிநிதி முகாமைப் பார்க்க வேண்டும் என்றார். படகுப் பாதையில் வாகனத்தை ஏற்றிக் கிண்ணியாப் பக்கம் கரையேறினோம். முகாமில் பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உம்மு குல்சும் முன்னுக்கு வந்தார். எங்கள் மென்பொருள் அவர்களுக்கு எப்படி உதவியது என்று பிரதிநிதி கேட்டார். பணிப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

உம்மு குல்சும் ஜெஸீமாவைக் காட்டினார். "இந்தப் புள்ள பொய் சொன்னதாலதான் எங்களுக்குத் தண்ணி வந்த. உண்மையச் சொல்லிக்கிட்டு இருந்த மட்டும் குழித் தண்ணிதான்."

பணிப்பாளர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "பாவிக்க மிகவும் எளிமையாக இருக்கிறதாம்."

"அவ சொன்னது அது இல்ல, சேர்," என்றார் ஜெஸீமா. பிறகு பிரதிநிதியின் பக்கம் திரும்பி, சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார்.

பிரதிநிதி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மிகவும் பெறுமதியான கருத்து என்றார். பிறகு உம்மு குல்சுமைப் படம் எடுக்கும்படி புகைப்படக்காரரிடம் சொன்னார்.

எங்கள் நிறுவனம் குறைகளைக் கண்டும் காணாமல் விடுவதில்லை. குளியலறையைப் பிழையாகக் குறிப்பிட்டதற்காக ஜெஸீமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தோம். அவர் அதை வாசித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த முகாமுக்குப் போனார். பூத்ததை மொட்டாக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று குணரத்தினம் மறுபடி கேட்டார். கூட்டத்தில் அதை ஆழமாக ஆராய்ந்தோம். அப்படி ஒரு பொத்தானை எங்கே வைத்தாலும் பக்கத்தின் சமநிலை கெடுகிறது என்று கண்டோம். அதற்குப் பதிலாக, மென்பொருளில் "மனித முகம்" இல்லாததுதான் உண்மையான குறை என்று முடிவாகியது.

ஆகவே "தாமரை"யின் புதிய பதிப்பில், முதற் பக்கம் முழுவதும் உம்மு குல்சுமின் முகம் வந்தது. படத்தில் அவர் சிரிக்கவில்லை. அதைத் திருத்தித் தரும்படி குணரத்தினத்திடம் கேட்டோம். அவர் ஏலாது என்றுவிட்டார். கொழும்பில் திருத்துவித்தோம். இப்போது நன்றாகச் சிரிக்கிறார். இதையெல்லாம் அவரிடம் கேட்டோமா என்றால், முகாமுக்குப் போகும் வேலைக்கு அந்தக் கிழமை யாரும் மொட்டுப் போடவில்லை.

உள்ளே நுழையத் தனிப் பொத்தான் கிடையாது; அது படத்தை மறைக்கும். அந்த முகத்தின்மேல் அழுத்தினால் போதும், கதவு திறந்துகொள்ளும். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும், பணிப்பாளர் தொடக்கம் நான் வரை, ஒருவர் பின் ஒருவராக அந்தப் பெண்ணின் முகத்தில் அழுத்தித்தான் சேவையைத் தொடங்குகிறோம். கொஞ்சமும் கஷ்டமில்லை. பாவிக்க மிகவும் எளிமையாக இருக்கிறது.