பிரசிடெண்டின் தலையும் ஜெயசிங்கின் கைகளும்

மனித குலம் இதுவரை எத்தனையோ பொருட்களைத் தூக்கியிருக்கிறது. கல்லைத் தூக்கிக் கோவில் கட்டியது. கொடியைத் தூக்கி விடுதலை வாங்கியது. விலையைத் தூக்கிச் சந்தையைக் காத்தது. ஆனால் ஒரு கம்பை, முறைப்படி, பின்பக்கமாக, எதையும் அடிக்கும் எண்ணமே இல்லாமல் தூக்கி, அதன்மூலம் கூட்டுறவு இயக்கத்தை முன்னேற்றிய பெருமை பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய ரப்பர் விற்பனைச் சங்கத்துக்கே உரியது.

நூற்றாண்டு முடிய இன்னும் சில வருஷங்களே இருந்தன. நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. திறந்த கதவு வழியாக அந்தப் பக்கம் முதலில் வந்து சேர்ந்தது கோல்ஃப். அதைக் கொண்டுவந்தவர் தலைநகரிலிருந்து சங்கத்தைச் சோதனை செய்ய வந்த பெரிய அதிகாரி ஈசாக் சார். கணக்குகளைத் திறக்காமலேயே ஏத்தங்காய் வறுத்த உப்பேரியைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மனுஷ்யன்றெ தரம் பேக்ஸ்விங்கில் அறியாம், அருமநாயகமே" என்றார்.

சங்கத் தலைவர் அருமநாயகம் அன்றுவரை தம் தரத்தை வேட்டியின் வெளுப்பில் வைத்திருந்தவர். அன்றே அதை பேக்ஸ்விங்குக்கு மாற்றிக்கொண்டார்.

பந்தை அடிப்பதற்கு முன்னால் கம்பைப் பின்னோக்கித் தூக்குவதுதான் பேக்ஸ்விங். கைகளும் கம்பும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். இடது முழங்கை மடங்கக் கூடாது. வலது முழங்கால் விறைக்கக் கூடாது. தலை அசையவே கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அடி.

"அடிக்க எவனாலயும் ஆவும்" என்று நிர்வாகக் குழுவுக்கு விளக்கினார் அருமநாயகம். "தூக்குகதுக்குத்தான் படிப்பு வேணும்."

குழு ஒருமனதாக ஏற்றது. பந்து வாங்குவது அடுத்த திட்ட காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. துபாயிலிருந்த மருமகன் அனுப்பிய ஒரே ஒரு கம்பு, சங்கத்தின் "அசையும் சொத்து" ஆனது.

ஆனால் தலைவரின் உடம்பு தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை. கம்பு மேலே போனால் முழங்கை மடங்கியது. முழங்கையைக் கவனித்தால் முழங்கால் விறைத்தது. இரண்டையும் கவனித்தால், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல் தலை திரும்பியது. எனவே அலுவலக ஆணை பிறந்தது. செயலாளர் சரசம்மா, "இடது முழங்கைப் பொறுப்பு". பியூன் பொன்னுதாஸ், "வலது முழங்கால் பொறுப்பு". தற்காலிக கிளார்க் ஜெயசிங், "தலைப் பிடிப்பாளர்".

ஜெயசிங் பதினோரு வருஷமாகத் தற்காலிகம். காலையில் சங்கத்தைத் திறப்பதும், ரப்பர் சீட்டை எடை போடுவதும், பில் எழுதுவதும், சாயங்காலம் பூட்டுவதும் அவன்தான். இத்தனையும் நிரந்தரமாக நடந்தது. அவன் மட்டும் தற்காலிகமாக இருந்தான்.

"ஈசாக் சார் அடுத்த தடவ வாறப்ப எனக்க தலை ஆடாம நிக்கணும்" என்றார் அருமநாயகம். "நின்னா, உனக்க பெர்மனென்ட் ஆர்டரில அண்ணைக்கே ஒப்பு. எனக்க தலை உனக்க கையிலயாக்கும் மக்கா."

ஜெயசிங் இதை வீட்டில் சொன்னபோது அவன் மனைவி சினி கப்பைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஊரில எல்லாரும் காலைப் பிடிச்சு வேல வாங்குதாவ. நீங்க தலையைப் பிடிக்கீங்க. செரி, உயரமான வழிதான்" என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எங்க வீட்டில ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா கேக்காரு, மாப்பிளைக்கு ஆர்டர் வந்தாச்சான்னு. இந்தத் தடவயும் இல்லைன்னா நான் அங்க வரல்ல, கேட்டுக்கிடுங்க."

ரப்பர் சீட் உலர்த்தும் முற்றத்தில் தினமும் காலையில் பயிற்சி நடந்தது. முற்றத்தின் கிழக்கு மதில்தான் மாநில எல்லை. அந்தப் பக்கம் தமிழ்நாடு. அருமநாயகம் கேரளத்தில் நின்று தூக்குவார். உச்சிக்குப் போகும்போது கம்பின் நுனி மதிலைத் தாண்டி நிற்கும்.

"சாரே," என்றான் முழங்காலைக் கட்டிப்பிடித்திருந்த பொன்னுதாஸ், "கம்பு ஒவ்வொரு தடவயும் தமிழ்நாட்டுக்குப் போயிட்டு வருது. செக்போஸ்டில ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"வாயை மூடுலே. கால்முட்டைப் பிடி."

முன்வாசலில் ரப்பர் சீட்டுக் கட்டைத் தலையில் வைத்தபடி, விற்க வந்த ஆனந்தபாய் நின்று சத்தம் போடுவாள். "எலே ஜெயசிங்கே! எடை போட ஆளு உண்டா இல்லியா? எனக்க கழுத்து ஒடியுது!"

"ஒரு நிமிஷம் நில்லுங்கக்கா. பிரசிடெண்டுக்க தலையை விட்டா அது போயிரும்."

"எங்க போவும்? போனா யாருக்கு நட்டம்?"

ஜெயசிங் பிடியை இறுக்குவான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே தலைவரின் தலை இருக்கும். தேங்காயெண்ணெயின் பிசுபிசுப்பு. காது மடலின் சூடு. பதினோரு வருஷமாக அந்தத் தலைக்கு முன்னால் அவன் தன் தலையைக் குனித்துத்தான் நின்றிருக்கிறான். அதற்குள் ஏதோ பெரிய பாரம் இருப்பதாகவே நினைத்திருந்தான். பிடித்துப் பார்த்தபோது அது அவ்வளவு கனமாக இல்லை. 

டிசம்பர் முதல் வாரத்தில் ஈசாக் சார் வந்தார். முற்றம் கழுவி விடப்பட்டிருந்தது. அருமநாயகம் கம்போடு நின்றார். மூவரும் ஆணைப்படி அவரவர் உறுப்பைப் பற்றிக்கொண்டார்கள்.

ஈசாக் சார் திகைத்தார். "இவரொக்கெ ஆரா?"

"எனக்க பேக்ஸ்விங் சார்" என்றார் அருமநாயகம்.

கம்பு எழுந்தது. முழங்கை மடங்கவில்லை. முழங்கால் விறைக்கவில்லை. தலை, குருசடியில் வைத்த சொரூபம்போல் நின்றது. ஈசாக் சாரின் கண் கலங்கிவிட்டது. தலைநகரின் புல்வெளியில் பல வருஷமாக அவருடைய தலையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"எனக்கொண்ணு நோக்கணம்" என்று கோட்டைக் கழற்றினார். சரசம்மாவும் பொன்னுதாஸும் இடம் மாறினார்கள். ஜெயசிங் புதிய தலையைப் பற்றினான். கம்பு மேலே போய், மதிலைத் தாண்டி, கச்சிதமாக நின்றது. பந்து இல்லாததால் இறக்க அவசரமும் இல்லை.

"பிரமாதம்!" என்றார் ஈசாக் சார். பேசும்போது தாடை ஜெயசிங்கின் கைக்குள் அசைந்தது. "எந்தொரு பிடி! அருமநாயகமே, ஈ பையனை எல்லா சனிக்கிழமையும் எனக்கு அனுப்பணம்."

"அனுப்பலாம் சார். அவனுக்க பெர்மனென்ட் ஆர்டர் மேசையில இருக்கு. ஒரு ஒப்பு மாத்திரம்…"

"வேண்டா, வேண்டா" என்றார் ஈசாக் சார், தலையை அசைக்க முடியாமல். "பெர்மனென்ட் ஆக்கினா பிடி அயஞ்சுபோவும். டெம்பரவரியா இருந்தாத்தான் கை இறுகி நிக்கும்."

அருமநாயகம் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் செரிதான் சார்."

ஜெயசிங் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டான்.

முதலில் தலை கம்பின் பின்னால் போனது. தலையின் பின்னால் தோள் போனது. சரசம்மா முழங்கையை விட்டு விலகினாள். பொன்னுதாஸ் மட்டும் கடமை தவறாமல் முழங்காலைப் பிடித்திருந்தான். அதனால் ஈசாக் சார் ஒற்றைக் காலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ரப்பர்ப் பால் உறையவைத்த தொட்டியில் உட்கார்ந்தார். கம்பு தமிழ்நாட்டில் விழுந்தது.

"எலே, தலையைப் பிடிலே!" என்று அலறினார் அருமநாயகம்.

"கை அயஞ்சுபோச்சு சாரே" என்றான் ஜெயசிங். முன்வாசலுக்குப் போய் ஆனந்தபாயின் கட்டை இறக்கி எடை போட்டான்.

ஈசாக் சார் நனைந்த கால்சட்டையோடு நாற்காலியில் அமர்ந்து, அவனை உடனே நீக்கச் சொன்னார். "வாயால் அனுப்பினா போரா. ரெக்கார்டில் வேணம். ஒரு சங்கத்திலும் இவனுக்கு ஜோலி கிட்டக் கூடாது!"

"அதுக்கு ஆளை எடுத்த ஆர்டர் வேணுமே சார்" என்றார் அருமநாயகம். "இவனை நாம இதுவரை எடுக்கவே இல்ல. எடுக்காத ஆளை எப்படி நீக்குகது?"

நீதியின் வேகம் சில நேரம் அச்சமூட்டக்கூடியது. மேசையிலிருந்த நிரந்தர ஆணையை ஈசாக் சார் இழுத்து, ஒப்பமிட்டு, முத்திரை குத்தினார். நீக்குவதற்கு இப்போது ஓர் ஆள் கிடைத்துவிட்டான். அடுத்த தாளை எடுத்து அதே வேகத்தில் எழுதத் தொடங்கியவர் பாதியில் நின்றார். நிரந்தர ஊழியர் எவரையும் முறையான விசாரணை முடியாமல் நீக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. தம் மைத்துனனைக் காப்பாற்றுவதற்காக அவரே போன வருஷம் சேர்த்த விதி.

விசாரணை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு சினி கணவனோடு அப்பா வீட்டுக்குப் போனாள். மாமனார் ஆணையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எதுக்காக மக்கா குடுத்தாவ?" என்று கேட்டார். பதினோரு வருஷம் வேலை செய்ததற்குக் கிடைக்காதது, ஒரே ஒரு நிமிஷம் கையை எடுத்ததற்குக் கிடைத்தது என்பதை அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வதென்று ஜெயசிங்குக்குத் தெரியவில்லை.