மாப்பிள்ளையும் நானும் ஒரே கயாக்கில்

தங்கை புருஷனோடு கல்யாணத்துக்குப் போகலாம், துக்கத்துக்குப் போகலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். இரண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போடுகிற படகில் மட்டும் ஏறக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோட்டைப்பட்டினத்துக்குச் சற்றுத் தள்ளி, வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு நானாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மாப்பிள்ளை பொன்னமராவதியில் ஹெட்மாஸ்டர். நான் ஆலங்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் பல காலமாகப் பேச்சு இல்லை. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரரைத் தேடி நான் கொல்லைப்பக்கம் ஓடிய நேரம் பார்த்து அவர் வாசலில் வந்து இறங்கியிருக்கிறார். "வாங்க" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. (சந்தனக் கிண்ணம் இருந்தது. அது எப்படிப் பேசும்?) வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டார்.

இப்போது அவர் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாய்மாமன் நான்தான் மாலை போட வேண்டும். பெண்ணைப் பெற்றவர் முகம் கொடுத்துப் பேசாதபோது நான் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? என் தோளில் வளர்ந்த பிள்ளை அவள். கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட எனக்கு மனசில்லை.

வழி சொன்னவளும் அவள்தான். சென்னையிலிருந்து போன் போட்டாள். "மாமா, எல்லாரும் கயாக்கிங் போறோம். எங்க ஆபீஸ்ல மொறச்சுக்கிட்டு இருந்தவங்கள இப்படித்தான் ஒண்ணு சேத்தாங்க. நீங்களும் அப்பாவும் ஒரே போட்டு." அப்பாவையும் அவளே சம்மதிக்க வைத்தாள்.

கயாக் என்பது குறுகலான பிளாஸ்டிக் படகு. முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, ஆளுக்கொரு துடுப்பு. நாங்கள் போன அன்று வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கூட்டிப்போன கைடு தம்பி வானத்தைப் பார்த்துவிட்டு, "கரைய ஒட்டியே போயிட்டு வந்துருவோம் சார். வெயிட்டா இருக்கவங்க பின்னாடி உக்காருங்க" என்றார்.

வெயிட்டானவர் மாப்பிள்ளை. ஆனால் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? "நீங்க முன்னாடி உக்காருங்க மாப்ள" என்றேன். அவரும் அதுதான் முறை என்பதுபோல உட்கார்ந்துகொண்டார். கைடு தலையில் அடித்துக்கொண்டார். முன்பாரம் தாங்காமல் கயாக்கின் மூக்கு தண்ணீருக்குள் போயிற்று, பின்னால் நான் உரமூட்டைமேல் குந்தியவன் மாதிரி உயரத்தில் இருந்தேன். வந்த அலையெல்லாம் மாப்பிள்ளை முகத்தில்தான் அடித்தது.

"எங்கிட்டுத் திருப்பலாம் மாப்ள?"

"நீங்க சொல்லுங்க மச்சான்."

"சேச்சே, நீங்க சொன்னாச் சரிதான்."

ஆக, யாரும் சொல்லவில்லை. என் துடுப்பு அவர் துடுப்பில் இடித்தால் "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன். அவர் துடுப்பு என் மூக்கில் இடித்தால் "பரவாயில்லைங்க" என்றேன். இரண்டு பேரும் மரியாதை குறையாமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

பக்கத்துக் கயாக்கில் என் மனைவியும் தங்கையும். "ஒழுங்கா இழுங்க அண்ணி, வேடிக்க பாக்கவா வந்தீங்க?" "நீ மொதல்ல வாய மூடிட்டு இழுடி!" நாத்தனாரும் அண்ணியும் கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அவர்கள் கயாக் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று.

காற்று ஏறியது. எங்களைத் தள்ளிக்கொண்டு போய் மீன்வலை கட்டியிருந்த பக்கம் விட்டது. தனிக் கயாக்கில் வந்த நிவேதா, "அப்பா, வலை! வலை!" என்று கத்தினாள். மாப்பிள்ளையோ வலையைப் பார்த்தே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒங்களுக்குச் செரமம் இல்லன்னா, கொஞ்சம் அங்கிட்டு..."

"எங்கிட்டு மச்சான்?"

பெரிய அலை ஒன்று வந்தது. என் வாயிலிருந்து என்ன வருகிறதென்று எனக்கே தெரியவில்லை.

"டேய்! அங்கிட்டு இழுடா! கண்ணு அவிஞ்சா போச்சு? வலைக்குள்ள போய் விழப் பாக்குறியேடா!"

என் மனைவி துடுப்பை நிறுத்திவிட்டாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையை டேய் என்று கூப்பிட்டவன் எங்கள் வகையறாவில் அதுவரை கிடையாது. தொலைந்தது போ, மாலையும் போச்சு மேடையும் போச்சு என்று நினைத்தேன்.

முன்னாலிருந்து குரல் வந்தது. "இழுக்குறேன்ல! நீ என்னடா பின்னாடி தூங்குறியா?"

அன்றைக்கு முதல்முறையாக எங்கள் கயாக் திரும்பியது. "போடுடா!" "போடுறேன்டா!" என்று வலையைத் தாண்டினோம். தாண்டிய சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய, கயாக் கவிழ்ந்தது.

"செத்தோம்டா மச்சான்!" என்று அவர் என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு முடித்தபோதுதான் தெரிந்தது, காலூன்றி நிற்கிறோம். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது.

முங்கியிருந்தால்கூட இவ்வளவு அலுப்பு வந்திருக்காது. மறுபடி ஏற உடம்பில் தெம்பு இல்லை. கயாக்கை இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தோம். காலை வைத்தால் சேறு விடாது, எடுத்தால் பாசி சுற்றும், நாலு எட்டு வைத்தால் காற்று பின்னுக்குத் தள்ளும். கரை கண்ணெதிரே இருந்தது, கிட்டே வரவில்லை. தோள் கழன்றுவிட்டது. மாப்பிள்ளை என்மேல் சாய்ந்துகொண்டு, தன்பாட்டுக்குச் சிரித்தபடி வந்தார். அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

கரையேறியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. துண்டை விரித்து, "உக்காருங்க மாப்ள, டீ சாப்பிடுங்க மாப்ள" என்று பம்மினேன். அவர் முகம் சட்டென்று இறுகியது. டீயைத் தொடவில்லை. பொன்னமராவதி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று தங்கை அப்புறம் சொன்னாள்.

அந்த வாரமே பழத்தட்டோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே தங்கை மறித்தாள். "அவரு ரொம்பக் கோவமா இருக்காருண்ணே."

"டேய்னு சொன்னதுக்குத்தானே? கால்ல வேணாலும் விழுறேன் தாயி."

"அதுக்கில்ல. கரைக்கு வந்ததும் மறுபடி வாங்க போங்கன்னு ஆரம்பிச்சுட்டியாம்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். "எங்க அண்ணன் போனதுக்கப்பறம் என்னைய டேய்னு கூப்புட நாதியில்ல மச்சான். ஸ்கூல்ல சாரு, இங்க ஒங்க தங்கச்சிக்கு 'என்னங்க', ஒங்க வீட்ல மாப்ள. ஒருத்தன் உரிமையா நாலு வார்த்த திட்டுனான்னு சந்தோசமா இருந்தேன். அதையும் கரையில வந்து புடுங்கிட்டீங்க."

தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "தப்புத்தான்டா" என்றேன். டா மட்டும் லேசாக நடுங்கியது.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்த கூட்டத்தில், "டேய் மச்சான், மாலையோட மேல வாடா!" என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் கூப்பிட்டார். சம்பந்தி வீட்டார் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நான் மேடை ஏறினேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் யாரிடம் முறுக்கிக்கொண்டாலும், "ரெண்டு பேரையும் கடல்ல எறக்குங்க" என்பதுதான் பேச்சு.

போன வருஷம் நிவேதா புருஷன் தலைதீபாவளிக்குப் பொன்னமராவதி வந்திருந்தான், நானும் போயிருந்தேன். எதைக் கேட்டாலும் "நீங்க சொன்னாச் சரிங்க மாமா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவன் ரொம்ப மரியாதையா இருக்கான்டா. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போயிருவோம். அவனோட நீ ஏறிக்க."

வெளியே வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிட்டது.